அரைப் பேர் அழகம்மா

மரப்படிகளில் தடதடவென்று யாரோ ஓடி ஏறும் சத்தம். அடுத்த கணம் கதவு திறந்து சுவரில் மோதியது. ஆணியில் தொங்கிய காலண்டர் பொத்தென்று தரையில் விழுந்தது.

தட்டச்சு இயந்திரத்தின் முன் இருந்த ஐவி முதலில் காலண்டரைப் பார்த்தாள், பிறகு கதவைப் பார்த்தாள், கடைசியாக வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற மனிதனைப் பார்த்தாள். முழங்கால் வரை சேறு. மழைக்குத் தலையில் போட்ட சாக்கு அவிழ்ந்து தோளில் தொங்கியது. மார்போடு ஒரு தகரப் பெட்டியை அணைத்துக்கொண்டிருந்தான்.

"கதவைத் தட்டுனாலே தொறப்போம். ஒடைக்கணும்னு அவசியமில்ல," என்றாள்.

"துப்பறியுற ஐயா இருக்காங்களா மிஸ்?"

"ஞாயித்துக்கெழமையில மனுசங்க பூசைக்குப் போயிட்டு வீட்டுல கறி சமைப்பாங்க. எங்க ஐயாவுக்கு அந்த வழக்கம் கெடையாது. உள்ளதான் இருக்காரு."

அவள் சொன்னது பொய்யில்லை. முதல் பூசை முடிந்ததும் தலை முக்காட்டைக்கூட மடித்து வைக்கவிடாமல் அவளைக் கூட்டிவந்து மூன்று மனுக்களைத் தட்டச்சு செய்யச் சொல்லியிருந்தார் பத்திநாதன். ஹட்டன் பஸாரில் தையல்கடை மாடியில் அந்த ஒற்றை அறையும் ஒரு தடுப்பும்தான் அவருடைய துப்பறியும் காரியாலயம். பன்னிரண்டு வருஷம் பொலிசில் சார்ஜண்டாக இருந்துவிட்டு, மேலதிகாரி ஒருவரின் பொய் அறிக்கையில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லி வெளியே வந்தவர். கனத்த உடம்பு, மெதுவான நடை, வாயில் எப்போதும் ஒரு கிராம்பு.

தடுப்புக்குப் பின்னாலிருந்து வந்தவர், விழுந்த காலண்டரை எடுத்து மறுபடி ஆணியில் மாட்டினார். மே மாதம், இருபத்தேழாம் தேதி, 1956.

"உட்காருங்க. பேரு?"

"நல்லமுத்துங்க. நோர்வூட்டுக்கு இந்தப் பக்கம், வெள்ளைக்கல் தோட்டம். எம் பொஞ்சாதி அழகம்மாவப் புடிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க ஐயா. காலையில நாங்க குடியிருக்கிற லயத்து வாசல்ல ஜீப்பு வந்து நின்னுச்சு. கள்ளத்தோணியாம். ஒன்னு இருவது ரயில்ல கொழும்புக்குக் கொண்டு போறாங்களாம். அங்க முகாம்ல போட்டுட்டு அடுத்த கப்பல்ல இந்தியாவுக்கு ஏத்திருவாங்களாம்."

"கள்ளத்தோணியில வந்தாங்களா?"

"ஐயோ, இல்லீங்க! இந்த மலையிலயே பொறந்தவ. அவளப் பெத்தவங்க நாலு வருசத்துக்கு முந்தி துறையூர்ப் பக்கம் சொந்த ஊருக்குத் திரும்பிட்டாங்க. அம்மாவுக்கு முடியலன்னு கடுதாசி வந்துச்சு. போய்த் திரும்பி வர அனுமதிச் சீட்டு எடுத்துக்கிட்டுத்தான் போனா. போன செவ்வாக்கெழம தலைமன்னார்ல கப்பல விட்டு எறங்குனா. அங்க என்னமோ கேட்டுருக்காங்க, என்னமோ சொல்லிருக்கா. அதுல வந்த வெனை."

"என்ன சொன்னாங்க?"

"தெரியலைங்க. பேசவே விடல. ஆனா இது இருக்கு." அவன் தகரப் பெட்டியைத் தட்டினான். "அவ பொறந்த சீட்டு. இதக் காட்டுனா விட்டுருவாங்கல்ல?"

பத்திநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரை.

"ஐவி, குடையை எடு."

"குடை எதுக்கு சார்? நம்ம காரோட கூரை ஒழுகுறது உங்களுக்கு ஞாபகம் வந்துருச்சா?" என்று எழுந்தாள் ஐவி.

* * *

ஹட்டன் ரயில் நிலையத்தில் மேல் வகுப்புப் பிரயாணிகளுக்கான அறையில் ஒரு பிரம்பு நாற்காலியில் சாய்ந்திருந்தார் குடிவரவு இன்ஸ்பெக்டர் ரணசூரிய. பக்கத்தில் ஒரு தேநீர்க் குடுவை, மடியில் ஒரு கோப்பு. நல்லமுத்துவை வாசலிலேயே பொலிஸ்காரர் நிறுத்திவிட்டார். தகரப் பெட்டியும் பத்திநாதனும் ஐவியும் மட்டும் உள்ளே போனார்கள்.

இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் ஒரு முப்பது வயது மனிதர் நின்றார். வெள்ளைக் காற்சட்டை, தங்கநிறச் சட்டமிட்ட கண்ணாடி, நெற்றியில் அளவுகோல் வைத்துப் போட்டது போல மூன்று கோடு திருநீறு.

"ஐயா களைச்சுப் போய் இருக்கிறார். என்ன விசயம் எண்டு என்னட்டைச் சொல்லுங்கோ. நான் அருளம்பலம். மொழிபெயர்ப்பாளர்," என்றார் சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில்.

பத்திநாதன் இன்ஸ்பெக்டருடன் நேராக ஆங்கிலத்தில் பேசினார். பிறப்புச் சீட்டை நீட்டினார். ரணசூரிய அதை வாங்கி, கோப்பில் இருந்த அனுமதிச் சீட்டின் பக்கத்தில் வைத்து, இரண்டையும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு புன்னகை செய்தார். அந்தப் புன்னகை ஐவிக்குப் பிடிக்கவில்லை.

"நன்றி, மிஸ்டர் பத்திநாதன். எனக்கு இது ஒன்றுதான் குறைவாக இருந்தது. பிறப்புச் சீட்டில் உள்ள பெயர் அழகு. அனுமதிச் சீட்டில் உள்ள பெயர் அழகம்மா. பாதிப் பெயர்தான் பொருந்துகிறது. மீதி அம்மா எங்கிருந்து வந்தது?"

"பிள்ளை பெற்றிருப்பாள். அப்போது அம்மா தானாக வந்திருக்கும்," என்றாள் ஐவி.

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. "நான் கெட்டவன் அல்ல, மிஸ். கப்பல் வந்து நின்றால் முந்நூறு பேர் இறங்குகிறார்கள். ஆளுக்கு இரண்டு நிமிஷம். பொய் சொல்கிறவனுக்கும் கை நடுங்குகிறது, உண்மை சொல்கிறவனுக்கும் கை நடுங்குகிறது. ஆகவே நான் முகத்தைப் பார்ப்பதில்லை. காகிதத்தை மட்டும் பார்க்கிறேன். இதோ, அவளே கொடுத்த காகிதம்."

தட்டச்சு செய்த ஒரு தாள். கீழே பெருவிரல் ரேகை. ஐவி குனிந்து வாசித்தாள். ஆங்கிலத்தில் நான்கே வரி:

'என் முழுப் பெயர் தோட்டத்தில் பதியப்படவில்லை. நான் பிந்தி வந்தவள். ஆகையால் பாதிப் பெயர் மட்டுமே பதியப்பட்டது. இதை நானே ஒப்புக்கொள்கிறேன்.'

குறித்த தேதிக்குப் பிந்தித் தீவுக்குள் வந்தவர்களைத்தான் சட்டம் தேடிக்கொண்டிருந்தது. பிந்தி வந்தேன், பாதிப் பெயரைச் செருகிவிட்டார்கள் என்று அந்தப் பெண்ணே ரேகை வைத்திருக்கிறாள். அதற்கு மேல் புருஷனே ஓடி வந்து பாதிப் பெயர்ச் சீட்டையும் கையில் கொடுத்துவிட்டான்.

"வற்புறுத்திக் கேட்டீர்களா?" என்றார் பத்திநாதன்.

அருளம்பலத்தின் முகம் சற்றுச் சிவந்தது. "அவ தன்ரை வாயாலை சொன்னவ. அவ சொன்னதைத்தான் நான் எழுதினனான். ஒரு சொல்லும் கூட்டேல்லை."

"சரிதான்," என்று கோப்பை மூடினார் ரணசூரிய. "எழுதிக்கொள், அருளம்பலம். இன்று நோர்வூட், ஒரு பெண். அடுத்த ஞாயிறு மஸ்கெலியா. அந்தப் பட்டியலும் தயார்."

அருளம்பலம் எழுதக் குனிந்தார். பென்சில் முனை டக்கென்று ஒடிந்தது.

ஐவி தன் கைப்பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து நீட்டினாள். "வச்சுக்கங்க. அழுத்தி எழுதுனா மனுசங்களும் ஒடைஞ்சு போவாங்க."

* * *

அழகம்மாவைப் பார்சல் அறையில் அடைத்திருந்தார்கள். தேயிலைப் பெட்டிகளுக்கும் ஒரு உடைந்த சைக்கிளுக்கும் நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். ஜன்னலுக்கு இரும்புக் கம்பி. கம்பிக்கு வெளியே, மேடையில் நின்றுதான் பத்திநாதனும் ஐவியும் பேச முடிந்தது. பொலிஸ்காரர் ஐந்து நிமிஷம் கொடுத்தார்.

"அழகம்மா, கப்பல்ல இறங்குனதும் என்ன நடந்துச்சுன்னு சொல்லும்மா," என்றார் பத்திநாதன்.

"வெயில்ல குந்த வச்சாங்கய்யா. கோட்டுப் போட்டவுகளுக்கு நாக்காலி, மூட்ட வச்சிருந்தவுகளுக்குத் தரை. மூட்டயப் பிரிக்கச் சொன்னாங்க. எங்கம்மா புள்ளைக்குக் குடுத்துவிட்ட எள்ளுருண்டை இருந்துச்சு. உள்ள தங்கம் இருக்கான்னு ஒவ்வொண்ணா ஒடைச்சாங்க. நாப்பது உருண்டை. வாரிக் கட்டுறதுக்குள்ள பேரக் கேட்டாங்க. அப்பன் பேரக் கேட்டாங்க. அப்பனுக்கு அப்பன் பேரக் கேட்டாங்க. திருப்பியும் மொதல்ல இருந்து கேட்டாங்க. தல சுத்திப் போச்சு."

"அப்புறம்?"

"நீ தோட்டத்த விட்டுக் கெளம்புனப்ப ஒனக்கு முழுப் பேரு பதிஞ்சிருந்துச்சான்னு அந்தக் கண்ணாடிக்காரவுக கேட்டாங்க."

பத்திநாதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "அர்த்தத்தை எனக்குச் சொல்லாதே. சொன்னபடியே சொல்லு. வார்த்தை மாறாம."

அழகம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள், மேசைக்கு முன்னால் இருப்பவள் போல. "முழுப் பேரு பதியலைங்க. பிந்தி வந்தேன். அதுனால அரைப் பேருதாங்க பதிஞ்சாங்க." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பொய் சொன்னா சீட்டக் கிழிச்சிருவாங்கன்னு கப்பல்ல பேசிக்கிட்டாங்க. அதான் நெசத்தையே சொல்லிட்டேன். நெசத்தச் சொன்னதுக்கு இப்புடியா ஐயா?"

ஐவி பத்திநாதனைப் பார்த்தாள். அவர் கிராம்பைக் கடிப்பதை நிறுத்தியிருந்தார். மொழிபெயர்ப்பாளர் பொய் எழுதியிருப்பார் என்ற ஒரே நம்பிக்கையில்தான் இருவரும் இந்த ஜன்னலுக்கு வந்திருந்தார்கள். அவர் ஒரு எழுத்துக்கூடப் பொய்யாக எழுதவில்லை.

"நேரமாச்சு," என்றார் பொலிஸ்காரர்.

அழகம்மா கம்பிக்குள்ளிருந்து ஐவியின் சேலைத் தலைப்பைப் பிடித்தாள். "மிஸ், நான் திரும்பி வந்து அஞ்சு நாளுதான் ஆகுது. எம் புள்ள இன்னும் எங்கூட ஒட்டவே இல்ல, குடுத்த எள்ளுருண்டையும் எம் மடியிலதான் இருக்கு. வெளியாள் மாதிரி பாக்குது."



* * *

வெளியே தூறல் பிடித்துக்கொண்டது. காரின் மட்கார்டில் சாய்ந்து நின்ற நல்லமுத்து இவர்களின் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் விளங்கியவனாய்ச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"விடியக்காலையிலயே சகுனம் சரியில்லைங்க ஐயா. கொழுந்து நெறைய இருக்குன்னு இன்னைக்கு ஞாயித்துக்கெழமையும் வேலை குடுத்தாங்க. ஒன்றரைப் பேரு கெடைக்கிற நாளு. மலையில ஏறி ஒரு மணி நேரங்கூட ஆகல, ஜீப்பு வந்துருச்சுன்னு கத்துனாங்க. போட்டது போட்டபடி ஓடியாந்தேன். ஒன்றரைப் பேரும் போச்சு, அரைப் பேருகூட விழாது. பேரும் போச்சு, பொஞ்சாதியும் போச்சு…"

காரின் கதவில் இருந்த பத்திநாதனின் கை அப்படியே நின்றது.

"என்ன சொன்னே?"

"பொஞ்சாதியும் போச்சுன்னு…"

"அதுக்கு முந்தி!"

"அரைப் பேருகூட விழாதுன்னேன்."

"ஏறு வண்டியில. ரெண்டு பேரும் ஏறுங்க!"

ஐவி கதவைச் சாத்துவதற்குள் கார் கிளம்பிவிட்டது. "சார், நீங்க இப்படி ஓட்டுனா நாம மூணு பேரும் ஒரே பேர்ல கல்லறைக்குப் போவோம். என்ன ஆச்சு உங்களுக்கு?"

"ஐவி, உனக்கு ஒரு நாள் வேலைக்கு என்ன கிடைக்குது?"

"தலைவலி."

"தோட்டத்துல ஒரு பேர் கிடைக்கும். ஒரு நாள் முழுசா வேலை செஞ்சா ஒரு பேர். பாதி நாள்னா அரைப் பேர். ஞாயித்துக்கிழமைன்னா ஒன்றரை. காலையில ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கிறாங்களே பெரட்டு, அதுக்குப் பிந்திப் போனா கணக்கப்பிள்ளை அரைப் பேர்தான் போடுவாரு. எங்கப்பா துரை பங்களாவில சமையல்காரர். மாசச் சம்பளம். அதனால எங்க வீட்டுல இந்தச் சொல்லுக்கு வேலை இல்லாமப் போச்சு. மண்டையில ஏறலை எனக்கு!"

ஐவிக்கு மெல்ல விளங்கியது. "அவங்க கேட்டது அவளோட பேரு. அவ சொன்னது அவளோட வேலை. பிந்தி வந்தேன்னா, இந்த நாட்டுக்குப் பிந்தி வரலை… பெரட்டுக்குப் பிந்தி வந்தா!"

"ஆமா மிஸ், தோட்டத்த விட்டுக் கெளம்புற அன்னைக்கி அரைப் பேருதான்," என்றான் பின்னால் இருந்த நல்லமுத்து. "ரயில் ஏறுற வரைக்கும் அதச் சொல்லிச் சொல்லி அழுதா. இதுல என்னங்க அதிசயம்?"

* * *

வெள்ளைக்கல் தோட்டத்தின் ஆறாம் நம்பர் மலை. சாய்வில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மேலே, பாதையில், ஒரு கறுப்புக் குடைக்குக் கீழே கணக்கப்பிள்ளை செல்லசாமி நின்றார். சட்டைப் பையில் ஒரு நீளப் புத்தகம், அதைச் சுற்றி ரப்பர் பட்டை. அதுதான் செக்ரோல். யாருக்கு எத்தனை பேர் என்பது அதில்தான் இருக்கிறது.

விஷயத்தைக் கேட்டதும் அவருடைய கை சட்டைப் பையை மூடிக்கொண்டது.

"மன்னிக்கணும். இது என் கையை விட்டுப் போகக் கூடாதுங்க. தொரைக்குத் தெரிஞ்சா நாளைக்கு நான் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்."

"நீங்க பெட்டியைக் கட்டுனா இந்த ஊரிலயே வேற தோட்டம் போவீங்க. அவ பெட்டியைக் கட்டுனா கடல் தாண்டிப் போகணும்," என்றார் பத்திநாதன்.

"நான் என்ன செய்ய முடியும் சொல்லுங்க? எனக்கும் நாலு புள்ளைங்க."

மணி பன்னிரண்டு ஆகிக்கொண்டிருந்தது. ஐவி சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு இரண்டு படி ஏறி, அவருடைய குடைக்குக் கீழேயே போய் நின்றாள்.

"கணக்கப்பிள்ளை ஐயா, அன்னைக்கு அவ எவ்வளவு நேரம் பிந்தி வந்தா?"

செல்லசாமி எங்கோ பார்த்தார். "பத்து நிமிஷம் இருக்கும்."

"ஏன் பிந்துச்சு?"

"பயணம் போறதுக்குக் கோயில்ல தேங்காய் ஒடைச்சுட்டு வந்தா. நெத்தியில குங்குமத்தோட ஓடியாந்தா. ஒரு தேங்காய் மூடிய எங்கிட்டயும் குடுத்தா."

"வாங்கிக்கிட்டீங்களா?"

"…வாங்கிக்கிட்டேன்."

"பாதித் தேங்காய்க்குப் பாதிப் பேரா? நல்ல யாவாரம்!" என்றாள் ஐவி. கீழே இரண்டு பெண்கள் கூடையோடு குலுங்கிச் சிரித்தார்கள். "அன்னைக்கு நீங்க புடிச்சு வச்ச மீதிப் பாதிப் பேரு உங்க பையிலதான் இருக்கு. இன்னைக்குக் குடுத்துருங்க ஐயா. அது இல்லாம அந்தப் பொண்ணு பார்சல் ரூம்ல கெடக்குது."

கணக்கப்பிள்ளை சிரித்த பெண்களின் பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு ரப்பர் பட்டையைக் கழற்றாமலே புத்தகத்தை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"சாயந்தரம் பேர் போடுறதுக்குள்ள கொண்டாந்துருங்க. தேங்காயப் பத்தி மட்டும் யாருகிட்டயும் சொல்லாதீங்க."

* * *

அவர்கள் மறுபடி ரயில் நிலையத்துக்குள் நுழைந்தபோது ஒன்று பத்து. மேடையில் கூட்டம். பொலிஸ்காரர் பார்சல் அறையின் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். ரணசூரியவின் கையில் மூன்று டிக்கெட்டுகள்.

பத்திநாதன் மூச்சுவிடாமல் விளக்கினார். இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார்.

"அழகான கதை. ஆனால் இந்தப் புத்தகம் தமிழில் இருக்கிறது. எழுதியவர் தோட்டத்துக்காரர். கொண்டுவந்தவர் நீங்கள். நான் என் மொழிபெயர்ப்பாளரின் சொல்லைத்தான் எடுக்க முடியும். அருளம்பலம், 'பேர்' என்ற சொல்லுக்கு ஒரு நாள் வேலை என்று பொருள் உண்டா?"

அருளம்பலம் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். "எனக்குத் தெரிய இல்லை சேர். பேர் எண்டால் பெயர்தான்."

"முடிந்தது," என்று ரணசூரிய தேநீர்க் குடுவையைத் திறந்தார்.

தூரத்தில் மலைவளைவுக்கு அப்பால் ரயில் கூவியது. அழகம்மாவை மேடைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவள் அழவில்லை. நாற்பது எள்ளுருண்டையின் தூளைக் கட்டிய துணியைப் புருஷனிடம் கொடுத்து, "புள்ளைக்குக் குடு. அரிச்சுக் குடு, மண்ணு இருக்கும்," என்றாள். நல்லமுத்துவால் அதை வாங்க முடியவில்லை.

ஐவிக்குப் பத்திநாதனின் மீது ஆத்திரமாக வந்தது. அவர் என்னவோ டீக்கடைக்காரனிடம் இரண்டு டீ வாங்கிக்கொண்டிருந்தார்! ஒன்றைக் கொண்டுபோய் அருளம்பலத்திடம் நீட்டினார்.

"குடிங்க தம்பி. விடியக்காலையில இருந்து அலைஞ்சிருக்கீங்க. பாவம், அந்தப் பெரிய மனுசன் இன்னைக்கு உங்களுக்கு அரைப் பேராவது போடுவாரா?"

அருளம்பலம் ஒரு கையில் கோப்பும் ஒரு கையில் டீயுமாகத் தடுமாறியபடி ரயில் வரும் திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அரைப் பேரோ? ஞாயிறெண்டால் ஒண்டரைப் பேரெல்லோ போட வேணும்!"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. டீ கோப்பையிலிருந்து தளும்பி வெள்ளைக் காற்சட்டையில் கொட்டியது.

"யாழ்ப்பாணத்துல ஒன்றரைப் பேரு எந்தச் சந்தையில விக்கிறாங்க?" என்று கேட்டாள் ஐவி, மிக மெதுவாக.

"நான்… ஆரோ சொல்லக் கேட்டனான்…"

அவருடைய கண் இன்ஸ்பெக்டரின் முதுகுக்கு ஓடித் திரும்பியது. அந்தப் பார்வையை ஐவி அன்று ஏற்கெனவே ஒரு முறை பார்த்திருந்தாள், கம்பிக்கு அந்தப் பக்கம். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. சொல் தெரியும் என்று இவர் ஒப்புக்கொண்டால், தோட்டத்துச் சொல் யாழ்ப்பாணத்துக்காரருக்கு எப்படித் தெரியும் என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்கு அடுத்த கேள்வி, உன் சீட்டு எங்கே?

ரயில் மேடைக்குள் நுழைந்தது.

"யார்கிட்ட கேட்டீங்கன்னு நான் கேக்க மாட்டேன் தம்பி," என்றார் பத்திநாதன். அவர் குரலில் அவசரமே இல்லை. "உங்களுக்குத் தெரிஞ்ச எதையும் நீங்க சொல்ல வேணாம். அன்னைக்கு அவ பேசுனதை எழுத்துக்கு எழுத்து இங்கிலீஷ்ல மாத்துனீங்க. இன்னைக்கு இந்தப் புத்தகத்துல ரெண்டு வரியை அதே மாதிரி எழுத்துக்கு எழுத்து மாத்துங்க. போதும்." புத்தகத்தைப் பிரித்து, விரலை வைத்துக் காட்டினார்.

அருளம்பலம் அந்த இரண்டு வரியையும் பார்த்தார். அழகம்மாவைப் பார்த்தார். பிறகு இன்ஸ்பெக்டரின் பக்கத்தில் போய்த் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆங்கிலத்தில் உரக்க வாசித்தார்.

"மார்ச் மாதம். அழகம்மா. மொத்தம் இருபத்து நான்கு பெயர்கள். ஏப்ரல் மாதம், ஏழாம் தேதி வரை. அழகம்மா. மொத்தம் ஐந்தரைப் பெயர்கள்."

ரணசூரிய ரயில் பெட்டியின் படியில் வைத்த காலை எடுத்தார். "என்ன பெயர்கள்?"

"ஐந்தரைப் பெயர்கள், சேர்."

"இன்ஸ்பெக்டர், இவள் மார்ச்சில் மட்டும் இருபத்து நான்கு பெயர் வைத்துக்கொண்டிருக்கிறாள்," என்றாள் ஐவி. "ஆள் மாறாட்டத்துக்கு இப்படி ஒருத்தி உலகத்திலேயே கிடையாது. ஆனால் மூன்று டிக்கெட் போதாது. தனி ரயில் பிடிக்க வேண்டும்."

இன்ஸ்பெக்டர் புத்தகத்தை வாங்கினார். தமிழ் எழுத்து தெரியாவிட்டாலும் எண் அவருக்குத் தெரியும். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் எண்: வேலாயிக்கு இருபத்து மூன்று, ராக்காயிக்கு இருபத்தொன்றரை, பேச்சியம்மாவுக்குப் பத்தொன்பது. அழகம்மாவின் வரியில் ஏப்ரல் ஏழாம் தேதிக் கட்டத்தில் தனியாக ஓர் அரை. ஒப்புதல் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவர் காகிதத்தை மட்டும் பார்க்கிறவர். இப்போது இரண்டு காகிதங்கள் ஒரே விஷயத்தைச் சொல்லின.

கார்டு விசில் ஊதினார்.

ரணசூரிய பேனாவை எடுத்து ஒப்புதல் தாளின் மேல் குறுக்காக ஒரு கோடு போட்டார். "அழகு என்பதும் அழகம்மா என்பதும் ஒரே ஆள் என்று சத்தியக் கடுதாசி வேண்டும். பதினான்கு நாளில் கொழும்புக்கு வர வேண்டும். வராவிட்டால் ஜீப் மறுபடி வரும். விட்டுவிடுங்கள் அவளை." பிறகு அவர் மொழிபெயர்ப்பாளரின் பக்கம் திரும்பினார். "நான்கு வருஷமாக என்னோடு இருக்கிறாய், அருளம்பலம். இந்தச் சொல் உனக்கு உண்மையிலேயே தெரியாதா?"

"தெரியாது சேர்."

"ம்," என்றார் இன்ஸ்பெக்டர். அந்த 'ம்' கொஞ்சம் நீளமாக இருந்தது.

அழகம்மா இன்னும் நின்ற இடத்திலேயே நின்றாள். நடக்கலாம் என்று யாரும் அவளுக்குத் தமிழில் சொல்லியிருக்கவில்லை. ஐவிதான் போய்த் தோளைத் தொட்டாள். "போம்மா. நாளைக்கு சார்கிட்ட வந்து கடுதாசி எழுதிக்கலாம். பெரட்டுக்குப் பிந்தாம வா."

ரயில் அசைந்தது. அழகம்மாவுக்காக வாங்கிய இடம் காலியாக இருக்க, ஜன்னலோரத்தில் அருளம்பலம் உட்கார்ந்திருந்தார். ஐவியைக் கண்டதும் சட்டைப் பையைத் தடவி, கையை வெளியே நீட்டினார்.

"உங்கடை பென்சில்."

ஐவி ரயிலோடு நடந்துகொண்டே அதை வாங்கினாள். அவளால் சும்மா இருக்க முடியவில்லை. "இப்பவாவது சொல்லுங்கோ, உங்கடை முழுப் பேர் என்ன?"

அவர் திரும்பிப் பார்த்தார். எதிரே இன்ஸ்பெக்டர் செய்தித்தாளை விரித்துக்கொண்டிருந்தார். அருளம்பலம் ஜன்னலுக்கு வெளியே குனிந்தார். சக்கரச் சத்தத்தில் அவருடைய யாழ்ப்பாணத் தமிழ் எங்கேயோ விழுந்து போயிருந்தது.

"என் பேர விடுங்கக்கா. மஸ்கெலியா லிஸ்டுல மொதப் பேரு எங்கம்மா!"